யானைவேலிக்குப் பக்கத்தில் ஒரு வானொலி

“இலங்கைப் படகு ஒன்று” என்பது வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு இரைச்சல்தான்.

புயல் கடந்து மூன்றாம் நாள் மாலை அது. வானொலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி, முள்ளை மயிரிழை அளவுக்கு அப்படியும் இப்படியும் திருப்பினேன். கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்ச் செய்தி சிற்றலையில் வருவது. நல்ல நாளிலேயே அது ஏறி இறங்கித்தான் கேட்கும். அன்றைக்கு ஒரு வசனம் முழுதாகக் கேட்கவில்லை. காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கி எறிந்தேன். எனக்குக் கோபம் வந்தால் பொருட்களோடுதான் முதலில் சண்டை பிடிப்பேன்.

“என்னவாம் அக்கா?” என்று மச்சாள் கேட்டாள். என் தம்பியின் மனைவி அவள்.

“ஒண்டும் விளங்கேல்லை. பொறு.”

பொறு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது என்று தெரியவில்லை. அவள் அதற்கு முன்பே நான்கு நாட்களாகப் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். தம்பிக்கு வயல் வேலை ஒத்துவரவில்லை. திருகோணமலைக்குப் போய் நெடுநாள் மீன்பிடிப் படகில் ஏறியிருந்தான். புயல் கரையைத் தொடுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் படகின் உரிமையாளர் எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். படகின் இயந்திரம் நின்றுவிட்டது, ஆறு பேர் இருக்கிறார்கள், நீரோட்டம் வடக்கே இழுக்கிறது, அதற்குப் பிறகு தொடர்பு இல்லை என்றார். அடுத்த நாள் மின்சாரம் போனது. அதற்கடுத்த நாள் தொலைபேசிக் கோபுரமும் செத்தது. கிளிநொச்சிக்குப் போகும் வீதியில் பாலத்துக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தது. எங்கள் குடியேற்றத்தில் முப்பது குடும்பங்கள். எல்லோரிடமும் கைத்தொலைபேசி இருந்தது, எல்லாம் வெறும் கண்ணாடித் துண்டுகள். சிற்றலை எடுக்கும் பெட்டி என்னிடம் மட்டும்தான் இருந்தது.

செய்தி கேட்பது எனக்கு யுத்த காலத்தில் தொற்றிய வியாதி, இன்னும் மாறவில்லை. நான் கலியாணம் கட்டவில்லை. “உவாக்கு உந்தப் பெட்டிதான் மனுசன்” என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன் தம்பி. அவனுக்குச் சோறு தீத்தி வளர்த்தவள் நான். அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்ற செய்தி என் வீட்டுக் கூரைக்கு மேலால் காற்றில் போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க எனக்கு ஒரு கம்பி வேண்டியிருந்தது.

நான்காம் நாள் காலை, போன வருடம் எரிந்துபோன மின்விசிறியைக் கழற்றினேன். அதன் மோட்டருக்குள் செம்புக் கம்பி சுருள் சுருளாக இருந்தது. எரிந்த பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பக்கத்தை அறாமல் இழுத்தெடுக்கப் பத்து மணியாகிவிட்டது. மச்சாள் ஒரு தடியில் அதைச் சுற்றிக்கொண்டே வந்தாள். இரண்டு தரம் கம்பி அறுந்தது. இரண்டு தரமும் நான் அவளை ஏசினேன், பிறகு அறுந்த இடத்தைச் சுரண்டி முறுக்கி இணைத்தேன். அந்தக் கம்பிக்கு மேலே மெல்லிய பூச்சு ஒன்று இருக்கும். சவரப் பிளேட்டால் அதைச் சுரண்டி எடுக்காவிட்டால் எங்கே தொடுத்தாலும் பிரயோசனம் இல்லை.

எங்கள் வளவு குடியேற்றத்தின் கடைசி வளவு. அதற்கு அங்கால் யானைவேலி, வேலிக்கு அங்கால் காடு. மரம் முறிந்து கிடக்காமல் நீளமாக வெளித்துக் கிடந்த இடம் வேலியோரம்தான். கல்லில் கயிறு கட்டி வேம்பின் மேல் எறிந்தேன். பழைய செருப்பை வெட்டி, கம்பி மரத்தில் முட்டாதபடி இடையில் அந்த றப்பர்த் துண்டைக் கொடுத்தேன். மற்றத் தலைப்பைத் தண்ணீர்த் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டத்தில் அதே மாதிரி கட்டினேன். அங்கிருந்து ஒரு கம்பியை யன்னலால் உள்ளே எடுத்து, பெட்டியின் இழுத்து நீட்டும் ஏரியலில் உடுப்புக் கௌவியால் கௌவவிட்டேன்.

இனி ஏர்த், மண்ணுக்குள் இறங்கும் இணைப்பு. இந்தக் குடியேற்றத்தில் நல்ல ஏர்த் எங்கே என்று யாரைக் கேட்டாலும் ஒரே இடத்தைத்தான் காட்டுவார்கள். எங்கள் வளவின் மூலையில் யானைவேலிக்கு மின்சாரம் கொடுக்கும் கொட்டில் இருக்கிறது. சூரியத் தகடு, பற்றரி, வேலி மெசின் எல்லாம் அதற்குள். அதன் பின்னால் ஆள் உயரத்துக்கு மூன்று இரும்புக் கம்பிகளை நிலத்துக்குள் இறக்கியிருக்கிறார்கள். அதை இறக்கும்போது நானும் மண் அள்ளினேன். கோடையில் அந்த இடத்துக்கு முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுவோம். ஏர்த் காய்ந்தால் வேலி அடிக்காது, வேலி அடிக்காவிட்டால் யானை உள்ளே என்று எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். நான் மிகவும் கெட்டித்தனமாக என் பெட்டியின் ஏர்த்தைக் கொண்டுபோய் அந்தக் கம்பியில் சுற்றினேன்.

பின்னேரம் பெட்டியைப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் இரைச்சலாகக் கிடந்த இடங்களில் எல்லாம் ஆட்கள் கதைத்தார்கள். எனக்குச் சந்தோசத்தில் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கூடவே இன்னொன்றும் வந்தது. டிக். ஒரு செக்கன். டிக். இன்னொரு செக்கன். டிக். வேலியில் மின்சாரம் செக்கனுக்கு ஒருதரம் அடிக்கும். அந்த அடி அப்படியே என் காதுக்குள் விழுந்தது. ஒவ்வொரு அடியும் ஒரு சொல்லைத் தின்றது.

வேலிக் குழுத் தலைவர் பக்கத்து வளவுக்காரர். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். நேரே போய்ப் படலையில் நின்றேன்.

“அண்ணை, ஆறேகாலிலயிருந்து ஆறரை மட்டும் வேலியை நிப்பாட்டுங்கோ. கால் மணித்தியாலம்தான்.”

“உமக்கு விசரே? பொழுதுபடுற நேரம்தான் அதுகள் இறங்கிறது. வெள்ளத்துக்கு எல்லாம் மேட்டுக்கு ஏறி வந்து நிக்குது. இண்டைக்குக் காலமை எட்டு எண்ணினனான்.”

“என்ர தம்பி கடலில கிடக்கிறான்.”

“தெரியும் தங்கச்சி. ஆனா இஞ்ச முப்பது குடும்பத்தின்ர சோறு நிக்குது. புயல் விட்டுவைச்சது உந்த மேட்டு வயல் மட்டும்தான்.”

அவர் சொன்னது உண்மை. பொங்கலுக்குப் பத்து நாட்கள்தான் இருந்தன. பள்ளத்து வயல்கள் எல்லாம் தண்ணீருக்குள் படுத்துவிட்டன. வேலியோரத்து மேட்டில் மட்டும் கதிர் சரியாமல் நின்றது. அதில் பெரும்பகுதி அவருடையது. எல்லாம் தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

“உங்கட நெல்லு அடுத்த போகம் முளைக்கும். என்ர தம்பி முளைப்பானோ?”

அவருடைய முகம் கறுத்தது. இன்னும் ஒரு சொல் கூடியிருந்தால் ஆயுளுக்கும் கதை பேச்சு இல்லாமல் போயிருக்கும். மச்சாள் எனக்குப் பின்னால் வந்து நின்றது அப்போதுதான் தெரிந்தது.

“அண்ணை, அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு மட்டும் தெரிஞ்சாக் காணும்” என்றாள்.

அவர் படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். “கால் மணித்தியாலம். சத்தம் கேட்டால் உடன போடுவன். பிறகு என்னோட சண்டைக்கு வரக்கூடாது” என்றார்.

ஆறு மணிக்கு வேலியோரம் ஆட்கள் யானைவெடியோடு நின்றார்கள். தலைவர் கொட்டிலுக்குள் நின்றார். மச்சாள் கொட்டில் வாசலில் நின்றாள். முடிந்ததும் நான் கை காட்ட, அவள் அவருக்குச் சொல்வதென்று ஏற்பாடு. அவள் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்க மாட்டேன் என்றுவிட்டாள். கேட்கப் பயமாக இருக்கிறது, நீங்களே கேட்டுச் சொல்லுங்கள் என்றாள். நான் பற்றரி மிச்சம் பிடிக்க இயர்போனைத்தான் போட்டிருந்தேன்.

வேலி நின்றது. டிக் சத்தம் நின்றது. செய்தி வாசிப்பவரின் குரல் பக்கத்துக் கதிரையில் இருப்பவரைப் போலத் தெளிவாக வந்தது. முதலில் அந்தக் கரையின் மழை. பிறகு அவர்களுடைய அரசியல். ஒரு அமைச்சர் எதையோ திறந்துவைத்ததைப் பற்றி வாசித்துக்கொண்டே போனார். அந்த அமைச்சரை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். மணி ஆறு இருபத்தைந்து.

“இயந்திரம் பழுதடைந்து ஆறு நாட்களாகக் கடலில் தத்தளித்த இலங்கைப் படகை ரோந்துக் கப்பல் ஒன்று கண்டுபிடித்தது. திருகோணமலையிலிருந்து புறப்பட்ட அந்தப் படகில் இருந்த மீனவர்களில்...”

வெளியே ஒருவன் கத்தினான். பிறகு எல்லோரும் கத்தினார்கள். மழையில் நனைந்த யானைவெடி ஒன்று புஸ் என்று போனது. இன்னொன்று வெடித்தது. அதே கணம் டிக் என்றது. தலைவர் வேலியைப் போட்டுவிட்டார். நான் இயர்போனை இரண்டு கையாலும் காதோடு சேர்த்து அமத்தினேன். ‘ஐந்து பேர்’ என்று கேட்டது. டிக். ‘மயக்க’ என்று கேட்டது. டிக். ‘மற்றொருவர்’ என்று கேட்டது. டிக். பிறகு கிரிக்கெட்.

ஆறில் ஐந்து. மற்றொருவர். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது.

மச்சாள் சேற்றில் விழுந்தெழும்பி ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“ஆறு பேரும் தப்பீட்டினம்” என்றேன்.

அதை யோசித்துச் சொல்லவில்லை. அவள் ஆறு நாட்களாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அதனால் சொன்னேன் என்று பிறகு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த வசனத்தை யாராவது சொல்லிக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. சொல்ல வேறு ஆள் இல்லை.

அவள் என் காலடியில் குந்தி அழுதாள். பிறகு ஓடிப்போய்ப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் தப்பிவிட்டார்களாம் என்று சொன்னாள். தலைவர் இடுப்பு வரை சேறோடு வந்தார். ஒரு யானை உள்ளே வந்துவிட்டது, மற்றவை வராமல் இருக்கத்தான் வேலியைப் போட்டேன் என்றார். உள்ளே வந்ததைத் துரத்தி முடிப்பதற்குள் அது அவருடைய வயலில் அரை ஏக்கரை உழக்கிவிட்டது.

“அவர் தப்பீட்டாராம் அண்ணை!” என்றாள் மச்சாள்.

“அப்ப சரி. நெல்லுப் போனாப் போகுது” என்றார் அவர்.

என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மச்சாள் அன்றைக்கு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டு அயர்ந்து தூங்கினாள். நான் விடியும் வரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். விடிந்ததும் பெட்டியைப் போட்டேன். டிக், டிக். எரிச்சலில் கொட்டிலடிக்குப் போய், எல்லாவற்றையும் கழற்றி எறிவோம் என்று முதலில் ஏர்த் கம்பியை இழுத்தேன். அது கழன்று வந்தது. பெட்டி யன்னலில் பாடிக்கொண்டிருந்தது. டிக் சத்தம் பாதிக்கு மேல் குறைந்திருந்தது.

நான் அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். வேலி மெசின் ஒவ்வொரு செக்கனும் அந்த மூன்று இரும்புக் கம்பிகளுக்குள்தான் தன் அடியை இறக்குகிறது. நான் என் பெட்டியின் வாயை அதிலேயே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். போதாக்குறைக்குக் கம்பியையும் வேலிக்குச் சமாந்தரமாக அத்தனை நீளத்துக்கு ஓடவிட்டிருக்கிறேன். வேலியை நிப்பாட்டியிருக்கவே தேவையில்லை. அரை ஏக்கர் நெல் என்னுடைய கெட்டித்தனத்துக்குப் போனது.

கிணற்றடியில் ஈரமண்ணைத் தோண்டி, ஓட்டை விழுந்த அலுமினியப் பானையில் கம்பியை முறுக்கிப் புதைத்தேன். நீளக் கம்பியைத் தாங்கிப் பக்கத்திலிருந்து கழற்றி, வேலிக்கு முதுகு காட்டி வீட்டைத் தாண்டி முருங்கை வரைக்கும் கொண்டுபோனேன். அது முன்னையதைவிடக் கட்டையாக இருந்தது. ஆனால் டிக் சத்தம் இப்போது காதைக் கூர்மையாக்கிக் கேட்டால்தான் கேட்கும் அளவுக்குப் போய்விட்டது. வேலி பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

பிறகு தலைவரிடம் போனேன். என் வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்ட ஆட்களை விரல் விட்டு எண்ணலாம். ஏர்த் விசயத்தை ஒன்றும் விடாமல் சொன்னேன். மற்ற விசயத்தைச் சொல்லவில்லை. அவர் உழக்கிக் கிடந்த வயல் பக்கம் பார்த்தார்.

“இப்ப வடிவாக் கேக்குதோ?”

“ஓம் அண்ணை.”

“அப்ப நானும் வாறன். தம்பியாக்கள் எப்ப ஊருக்கு வருவினமாம் எண்டு கேப்பம்.”

அதை நான் எதிர்பார்க்கவில்லை. காலைச் செய்திக்கு அவரும் அவருடைய மனைவியும் வந்துவிட்டார்கள். மச்சாள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். தலைக்குக் குளித்து, பொட்டு வைத்திருந்தாள். நான் இயர்போனைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் திருப்பி வைத்தேன்.

“நானே கேட்டுச் சொல்லுறன். பற்றரி இறங்கீடும்” என்றேன்.

“ஒருக்கா விடுங்கோ அக்கா. இண்டைக்குப் பயமில்லை, நானும் கேக்கோணும்” என்று சிரித்துக்கொண்டே அவள் வயரைப் பிடுங்கினாள்.

பெட்டி உரத்துப் பேசத் தொடங்கியது. நான் தடுக்க நினைத்துக் கையை நீட்டினேன், ஆனால் எதைச் சொல்லித் தடுப்பது? நிப்பாட்டினாலும் பிழை, விட்டாலும் பிழை. இரைச்சல் கொஞ்சமும் இல்லை. இரண்டு நாட்கள் பாடுபட்டு நான்தான் அதை அவ்வளவு தெளிவாகப் பேச வைத்திருந்தேன். அமைச்சர், மழை, மீண்டும் மழை. பிறகு அது வந்தது.

“மீட்கப்பட்ட இலங்கை மீனவர்கள் ஐந்து பேரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுள்ளனர். படகில் இருந்த ஆறாவது மீனவர் புயலின்போது கடலில் வீழ்ந்து...”

தேத்தண்ணிக் கோப்பை மச்சாளின் கையில் சரிந்தது. சுடச்சுட அது காலில் கொட்டியதை அவள் உணரவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவரும் என்னைப் பார்த்தார். அந்த வசனம் முடிய எத்தனை செக்கன் எடுத்திருக்கும்? மூன்று, நான்கு. அதற்குள் நான் பிள்ளையாரிடம் ஒன்றைக் கேட்டேன். தம்பியைக் காப்பாற்று என்று கேட்கவில்லை. அது வேறு யாராவதாக இருக்கட்டும் என்று கேட்டேன்.

“...உயிரிழந்ததாக உறுதி செய்யப்பட்டுள்ளது. இறந்தவர் ஐம்பத்திரண்டு வயதானவர் எனத் தெரியவருகிறது.”

தம்பிக்கு முப்பத்தெட்டு.

“அப்பாடா!” என்று நான் கத்தினேன். வீடு முழுக்கக் கேட்கும்படி, கை தட்டாத குறையாக. தலைவரின் மனைவி மச்சாளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். தலைவர் எழும்பிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து அவள் காலில் ஊற்றினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இருக்கிறான், இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டு குசினிக்கும் விறாந்தைக்கும் நடந்தேன். என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

அவர்கள் போன பிறகு மச்சாள் என்னிடம் வந்தாள். கால் சிவந்து போயிருந்தது. கோபப்படுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் திருப்பி ஏசி முடித்திருப்பேன், அது எனக்குப் பழக்கம்.

“நேற்று உங்களுக்கு ஐஞ்சு எண்டுதான் கேட்டதோ?”

“ஓம்.”

“அது அவரோ இல்லையோ எண்டும் தெரியாது?”

“தெரியாது.”

அவள் தலையை ஆட்டினாள். வேப்பமரத்துக்கும் முருங்கைக்கும் நடுவில் தொங்கிய கம்பியைப் பார்த்தாள். பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டாள்.

“அந்த ஐம்பத்திரண்டு வயதுக்காரற்ற வீட்டிலயும் நேற்று ஆரும் உப்பிடிச் சொல்லியிருப்பினமோ அக்கா? அந்த மனுசியும் சாப்பிட்டுப் படுத்திருப்பாவோ?”